ஊசி, மை, தூள், சூடு

எதை அச்சடிக்கக் கொண்டுபோனாலும் அந்த மனிதர் எத்தனை வேண்டும் என்று முதலில் கேட்கமாட்டார். கலரோ கறுப்போ என்றும் கேட்கமாட்டார். மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இது எங்கை இருக்கப்போகுது?" என்பார்.

வீட்டில் என்று சொன்னால் போதாது. வீட்டில் எங்கே? சுவரிலா, அலுமாரிக்குள்ளா? யன்னல் வெயில் படுமா? பக்கத்தில் ஹீற்றர் இருக்கிறதா? சட்டைப் பைக்குள் என்றால் வேர்க்குமா என்று கேட்பார். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற, வான் ஓட்டுகிற ஒருவர் பொறுமை இழந்து, "அண்ணை, நான் தாள்தானே கேட்டனான், பெண்ணோ கேட்டனான்?" என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பெண்ணெண்டால் அழுதெண்டாலும் சொல்லும். தாள் சொல்லாது" என்று சொல்லிவிட்டு, வேர்க்குமா வேர்க்காதா என்ற பதிலுக்காகக் காத்திருந்தார்.

அது லண்டனில், செவன் கிங்ஸில், நாங்கள் அப்போது இருந்த தெரு முடிவில் உள்ள தமிழ்க் கடை. முன்பக்கம் முருங்கைக்காயும் ஐஸ் மீனும். அரிசி மூட்டைகளைத் தாண்டி உள்ளே போனால் அவருடைய மூலை. எல்லோருக்கும் அவர் பிரிண்டர் அண்ணை. நான் வயதில் மூத்தவள், அதனால் தம்பி என்றேன். அவர் என்னை அக்கா என்றார். பெயர் கேட்க எனக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம். கேட்காமலே வருடங்கள் போய்விட்டன.

அந்த மூலையில் நாலு மெஷின்கள் இருந்தன. அவற்றுக்குக் கம்பனிகள் வைத்த பெயர்கள் இருந்திருக்கும். அவர் அவற்றை ஊசிக்காரன், துப்புறவன், தூள்காரன், சூட்டுக்காரன் என்றுதான் சொல்வார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அங்கே நின்று நின்று, அவர் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவதைக் கேட்டுக் கேட்டு, எனக்கும் அது ஓரளவு பிடிபட்டுவிட்டது.

ஊசிக்காரன் பழைய ஆள். அவனுக்குள்ளே சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாக நிற்கும். மை தோய்ந்த நாடாவை அவை பின்னாலிருந்து குத்த, குத்தின இடமெல்லாம் தாளில் புள்ளி விழும். புள்ளிகள் சேர்ந்தால் எழுத்து. பல்லுக் கூசுகிற மாதிரிக் கிர்ர் கிர்ர் என்று கத்துவான். ஊருக்குப் பார்சல் அனுப்புகிறவர்களின் பில் எல்லாம் அவன்தான் அடிப்பான், ஏனென்றால் குத்துகிற குத்தில் அடியில் இருக்கிற தாள்களிலும் எழுத்து விழும். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் விரலுக்கு எழுத்துத் தட்டுப்படும்.

துப்புறவனுக்குத் தலைமயிரிலும் மெல்லிய துளைகள். அவற்றால் மையைத் துளி துளியாகத் துப்பிக்கொண்டு தாளுக்குக் குறுக்கே அங்கும் இங்கும் ஓடுவான். படம் என்றால் அவனை வெல்ல ஆளில்லை. ஆனால் வேலை கொடுக்காமல் விட்டால் துளைகள் காய்ந்து அடைத்துவிடும். அதனால் கடை திறந்ததும் அவர் முதலில் ஒரு தாளில் நாலு நிறக் கோடுகளை அடித்துப் போடுவார். ஏன் என்று யாராவது கேட்டால், "வாய் கொப்பளிக்க விடுறன்" என்பார்.

தூள்காரனிடம் மையே இல்லை. அரிசிமாவிலும் மெல்லிய கறுப்புத் தூள்தான். உள்ளே ஓர் உருளை சுற்றும். வெளிச்சம் அதில் எழுத்தைக் கீறிவிட்டுப் போகும். கீறின இடத்தில் மட்டும் தூள் போய் ஒட்டும். எப்படி ஒட்டும் என்பது எனக்கு விளங்கவே இல்லை. தலை இழுத்த சீப்பைக் கடதாசித் துண்டுக்குக் கிட்டப் பிடித்தால் துள்ளி ஒட்டுமே, அப்படி என்றார். பிறகு தாள் அந்தத் தூளை வாங்கிக்கொண்டு இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே போக, தூள் உருகித் தாளோடு ஒன்றாகிவிடும். அதனால்தான் அந்த மெஷினிலிருந்து வருகிற தாள் கைக்கு இளஞ்சூடாக இருக்கும்.

நாலாவது ஆள் உள்ளங்கை அளவுதான். கடைப் பில்லும் கோயில் சீட்டும் அடிக்கிற சாதி. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் அவரிடம் முதலில் போனது என் கணவரின் கல்வெட்டு அடிக்க. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம்; இறந்தவரின் படமும், அவரைப் பற்றிய குறிப்பும், தேவாரங்களும் இருக்கும். மகள்தான் பேசினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவர் துப்புறவனில் அட்டைப் படத்தை ஒன்று அடித்துக் காட்டினார். என் மனுசன் உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு நிறமாக இருந்ததில்லை. நான் கையை நீட்டினேன். அவர் தாளைத் தராமல், பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கோப்பைக்குள் விரலைத் தோய்த்து, படத்தில் என் மனுசனின் முகத்தின் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தார். மீசை கன்னத்துக்குப் போய்விட்டது.

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன அண்ணை செய்யிறியள்? அம்மா நிக்கிறா" என்றாள்.

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அது யாருடைய முகம் என்பதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "இஞ்சை அழியட்டும் எண்டுதான், அக்கா. வீட்டிலை அழியக்கூடாது" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு வாங்குவார்கள், சுவாமி அறையில் செம்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைப்பார்கள், ஆகையால் தூள்காரன்தான் சரி என்று அவரே முடிவு செய்தார். படத்தில் நிறம் கொஞ்சம் செத்துப்போனது. ஆனால் அழியவில்லை. அந்தியேட்டி முடிந்து எல்லோரும் போய்விட்ட பிறகு ஒருநாள், ஒருவரும் அழைக்காத என் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவர்தான். கல்வெட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேனா என்று கேட்டார். போட்டிருந்தால் எடுக்கட்டுமாம்; தூள் எழுத்து நாட்போகப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். கடை நம்பரைப் போனில் பதிந்து வைக்கச் சொன்னார், தாளுக்கு என்ன நடந்தாலும் சொல்லட்டுமாம். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முழுக்க என்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான் என்பது போனை வைத்த பிறகு தெரிந்தது.

அவருடைய பயம் எப்போதும் சரியாக இருந்ததென்று சொல்லமாட்டேன். ஒரு தாய் கலியாணம் முடிந்து நன்றி அட்டை அடிக்க வந்தாள். எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு, சனங்கள் குசினியில் ஃபிரிட்ஜில் ஒட்டுவார்கள் என்று சொல்லிவிட்டாள். குசினி என்றால் ஆவி. அவர் தூள்காரனில் அடித்துவிட்டார். படத்தில் பெண்ணின் கூறைச் சேலையின் சிவப்பு ஒரு மாதிரியாக வந்தது.

"அண்ணை, என்ரை பிள்ளை கூறை உடுத்திருக்கிறாளோ, ஈரலை உடுத்திருக்கிறாளோ?" என்று அந்தத் தாய் கேட்டாள்.

"அழியாது, தங்கச்சி."

"அழிஞ்சால் அழியட்டும். வடிவா இருக்கவேணும்."

துப்புறவனில் திரும்ப அடித்துக் கொடுத்தார். அந்தக் கிழமை முழுக்க மழை. நான் தேங்காய் வாங்கப் போன நேரம், அவர் கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரன் நனைந்த கையால் அந்த அட்டைகளைத் தொட்டிருப்பானோ என்று என்னிடம் கேட்டார்.

இனி நாலாவது ஆளுக்கு வருகிறேன்.

மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு தரம் வயிற்றில் தங்கவில்லை. நான் வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போய் அவளுடைய பெயருக்கு அருச்சனை செய்வேன். கவுண்டரில் இருக்கிற பிள்ளை பெயரையும் நட்சத்திரத்தையும் தட்ட, சின்ன மெஷின் சீட்டைத் தள்ளும். தேங்காய், பழம், வெற்றிலை, பூவோடு சீட்டையும் தட்டில் வைத்துக் கொடுப்பேன். அன்றும் அப்படித்தான். ஐயர் பெயரைப் பிழையில்லாமல் வாசித்தார். பிறகு அந்தத் தட்டிலேயே கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டினார். தட்டைத் திருப்பித் தந்தபோது, பத்திரப்படுத்தலாம் என்று சீட்டை எடுத்தேன்.

மகளின் பெயர் இருந்த இடம் கரியாக இருந்தது. நட்சத்திரம் இருந்த இடமும் கரி. தாள் எரியவில்லை. ஓட்டை இல்லை. தாள் தாளாகவே இருந்தது. பெயர் மட்டும் கறுப்புக்குள் போயிருந்தது.

இதை யாரிடம் சொல்வது? மகளிடம் சொல்ல முடியுமா? மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் சிரிப்பார். ஐயரிடம் கேட்கலாம், அவர் ஏதும் பரிகாரம் சொன்னால் அதுவே உண்மையாகிவிடும் என்று பயம். சீட்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை, அம்மன் தட்டில் இருந்த பொருள். சுவாமி அறையில் வைக்கவும் மனம் வரவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மகள் படியேறினால் நானும் பின்னாலே ஏறுவேன். அவள் குளியலறையில் கொஞ்சம் சுணங்கினால் கதவடியில் போய் நிற்பேன். "ஏனம்மா என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

கடைசியில் அவரிடம் போனேன். எல்லோரும் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அவர் என்னைக் கவனித்துவிட்டு, "அக்கா, நீங்கள் எல்லாரையும் முன்னுக்கு விட்டுட்டு நிக்கிறியள். என்ன காரியம்?" என்றார். நான் சீட்டைக் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணந்து பார்த்தார். "கற்பூரத் தட்டிலை இருந்ததோ?" என்றார். நான் தலையாட்டினேன்.

அவர் சூட்டுக்காரனிடமிருந்து ஒரு முழம் தாளை இழுத்துக் கிழித்தார். ஒன்றுமே எழுதாத வெள்ளைத் தாள். அதில் நகத்தால் ஒரு கோடு கீறினார். கறுப்பாக விழுந்தது. "இவனிட்டை மையும் இல்லை, தூளும் இல்லை, அக்கா. எழுத்து முழுக்கத் தாளுக்குள்ளைதான் இருக்கு. தாளுக்கு மேலை ஒரு மருந்து பூசியிருக்கு. சூடு பட்ட இடம் கறுக்கும். மெஷின் எழுத்தின்ரை அளவுக்குச் சூடு காட்டுது. கற்பூரம் அளவில்லாமல் காட்டிப்போட்டுது. அவ்வளவுதான்."

பிறகு அந்தத் தாளை, அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிற மெஷினுக்குள் விட்டார். அது சூடான மெஷின். இந்தப் பக்கம் வெள்ளையாகப் போன தாள் அந்தப் பக்கம் என் சீட்டைப் போலவே கறுத்து வந்தது. நான் அதைப் பார்த்து அழுதுவிட்டேன். கிழமைக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

"ஆற்றை பெயர் இது?" என்றார். மகளின் பெயர் என்றேன். மாசமாக இருக்கிறாள், முன்னம் தங்கவில்லை என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கறுத்த சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு, போய் ஊசிக்காரனை எழுப்பினார். கிர்ர் என்று ஒரு சத்தம். மகளின் பெயரைப் புதுத் தாளில் குத்தி எடுத்து, ஓரத்தைக் கத்தரித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதைச் சுவாமி அறையிலை வையுங்கோ. ஊசி குத்தின எழுத்து. தண்ணிக்கும் போகாது, சூட்டுக்கும் போகாது."

வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாதி வழியில்தான் யோசனை ஓடியது. ஒன்றுமில்லை என்று அவ்வளவு விளக்கமாகச் சொன்ன மனிதர், எதற்காகப் பெயரைத் திரும்ப அடித்துத் தந்தார்? தாளைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்கே மனம் ஒப்பவில்லையென்றால், எனக்கு எப்படி ஒப்பும்? இறங்கின கல் திரும்ப ஏறிவிட்டது.

வீட்டில் இன்னொரு தாள் இருந்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கான் செய்து கொடுத்த படம். குழந்தையின் நெற்றியும் மூக்கும் தெரியும். மகள் அதைக் குசினிச் சுவரில், தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலுக்கு மேலே ஒட்டியிருந்தாள். நான் தனியே நின்று அதன் ஓரத்தில் நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தேன். கறுப்புக் கோடு.

அன்றிலிருந்து அந்தப் படம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கேத்திலடியிலிருந்து நடு அறைக்குக் கொண்டுபோனேன். மருமகன் அதை ஹீற்றருக்கு மேலே சாய்த்து வைத்தார். நான் எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். "மாமி, பிள்ளை இன்னும் பிறக்கவேயில்லை. அதுக்குள்ளை வீடு முழுக்க ஓடித் திரியுது" என்று அவர் பகிடி விட்டார். நானும் சிரித்தேன். படத்தைப் பற்றிப் பிரிண்டர் தம்பியிடமும் சொல்லியிருந்தேன். கடைக்குப் போகிற நாளெல்லாம் அவர் என்னைக் கண்டதும் படம் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்பார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கமாட்டார். அதைக் கேட்க அவருக்குப் பயம் என்று நான் நினைத்தேன். எனக்கும் அவர் கேட்காமல் இருப்பதே நிம்மதியாக இருந்தது.

இதற்கு மேல் எழுதமுதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேத்தி பிறந்துவிட்டாள். மாதம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்சக் காலம் இருந்து, வீட்டுக்கு வந்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பிறகு நாங்கள் லண்டனின் இன்னொரு கோடியில் உள்ள நோர்பரிக்கு வீடு மாறிவிட்டோம். அவரைக் கண்டு வருடங்களாகிவிட்டன. இதை முன்னமே சொல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் பயப்படுவீர்கள். நான் பட்டது போதும்.

ஒரு மத்தியானம் மகளுக்கு நேரத்துக்கு முதலே வயிறு இறுகத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டிகள் கட்டினார்கள். பட்டிகளிலிருந்து வயர் ஒரு மெஷினுக்குப் போனது. குழந்தையின் நெஞ்சுச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. யாரோ அவசரமாகத் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி. மெஷினிலிருந்து ஒரு நீளத் தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அதில் இரண்டு கோடுகள் ஓடின. மேலே குழந்தையின் நெஞ்சு, கீழே தாயின் வயிறு என்று தாதி கையால் காட்டினாள். எல்லாம் ஓகே, வருகிறேன் என்று போய்விட்டாள். மருமகன் காரை ஒழுங்கான இடத்தில் விடப் போயிருந்தார். மகள் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடா இல்லை, தூள் மணம் இல்லை. தொங்கின நுனியில் நகத்தால் கீறினேன். அதே சாதிதான். சூடு எழுதுகிற தாள்.

அப்போது கோடு மங்கத் தொடங்கியது. முதலில் சாம்பல் நிறம். பிறகு உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு. தாதியைக் கூப்பிட எனக்கு இங்கிலிஷ் வரவில்லை. மகளை எழுப்ப மனம் வரவில்லை. போனை எடுத்து, அந்தக் கடை நம்பரை அழுத்தினேன்.

"தம்பி, பிள்ளையின்ரை கோடு மங்குது" என்றேன்.

எந்தப் பிள்ளை, எங்கே நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "ஒரு கோடோ, ரண்டுமோ?" என்றார்.

"ரண்டும். பக்கத்திலை இருக்கிற நம்பரும் மங்குது."

"அப்ப அது மெஷின்ரை பிழை. சூடு போதாது அதுக்கு. பிள்ளையிலை பிழையெண்டால் எல்லாம் சேர்ந்து மங்காது."

சொல்லிவிட்டு நிறுத்தினார். அவருக்குப் பின்னால் ஊசிக்காரன் கத்திக்கொண்டிருந்தான். அன்று கடையில் கறுத்த சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது இருந்த மௌனம்தான் இது என்று எனக்கு விளங்கியது.

"அக்கா, பிள்ளையின்ரை சத்தம் கேக்குதோ?"

"கேக்குது."

"அப்ப தாளைப் பாக்காதேங்கோ. சத்தத்தைக் கேளுங்கோ. கட்டிலடியிலை ஒரு பட்டன் இருக்கும், அதை அமத்துங்கோ. தாதி வந்தால் தாளைக் காட்டினால் போதும், கதைக்கத் தேவையில்லை."

தாளைப் பார்க்காதே என்று சொல்ல அந்த மனிதருக்கு என்ன பாடாக இருந்திருக்குமோ தெரியாது. நான் பட்டனை அமத்திவிட்டு, கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மெஷினுக்கு முதுகு காட்டி இருந்தேன். மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

"போனைக் கொஞ்சம் மெஷினுக்குக் கிட்டப் பிடியுங்கோ" என்றார்.

பிடித்தேன். திரும்பக் காதில் வைத்தபோது ஊசிக்காரனின் சத்தம் நின்றிருந்தது. பிறகு தூள்காரனின் இரைச்சலும் நின்றது. மூலையில் இருந்த மெஷின்களை அவர் ஒவ்வொன்றாக நிறுத்துகிறார் என்று தெரிந்தது. யாரோ ஒருவர், "அண்ணை, என்ரை பார்சல் பில் அரைவாசியிலை நிக்குது" என்றார். "பொறுங்கோ" என்று மெல்லச் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"கேக்குதோ தம்பி?" என்றேன்.

"ஓடுது, அக்கா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "போனை வைக்காதேங்கோ" என்றார்.